ஆறு புள்ளி ரெண்டு

வலி இல்லை. அதுதான் முதல் ஏமாற்று.
வியாசர்பாடி ஹவுசிங் போர்டு மாடிப்படி மட்டும்
மாதத்துக்கு ஒன்று கூடிக்கொண்டே போனது.
பீச் ஸ்டேஷன் எதிரே என் வண்டிக்கடையில்
நின்றபடி சாப்பிடும் ஒரு லோடுமேன்தான் சொன்னான்:
அக்கா, அத்தோவில் போடுற முட்டைக்கோஸ் மாதிரி
வெளுத்துக் கிடக்கு உன் உதடு.

ஸ்டான்லியில் ஒரு துளி எடுத்து
ஆறு புள்ளி ரெண்டு என்றார்கள்,
பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில்.
பாதி அடுப்பை அணைத்துவிட்டு
முழுக்கூட்டத்துக்கும் பரிமாறியிருக்கிறேன்.

வாய் வழியே குழாய் விட்டார்கள்: சுத்தம்.
பின்வழியே விட்டார்கள்: அதுவும் சுத்தம்.
நடுவில் இருபது அடிச் சந்து,
எந்தக் குழாயும் போய்ச் சேராத சிறுகுடல்.
அதுவரைக்கும் இரும்பு மாத்திரை.

இரும்பு தின்றால் மலம் கறுக்கும்.
ரத்தம் கசிந்தாலும் கறுக்கும்.
காலையில் குனிந்து
இது மருந்தா நோயா என்று
தாரைப் பார்த்து நின்றதுண்டா நீங்கள்?
கண் குழம்பியது. மூக்கு குழம்பவில்லை.

ரத்தம் ஏற்ற ஆள் கூட்டி வா என்றார்கள்.
தெருமுனை கேரம் கிளப் மொத்தமும் வந்தது.
ஏசுபாதம் கொடுத்தான், மைதீன் கொடுத்தான்.
டில்லிபாபு ஊசியைப் பார்த்ததும் சரிந்து
எனக்கு வாங்கிய ஜூஸை அவன் குடித்தான்.
எனக்குள் இறங்கியது யாருடையதோ.
மைதீன் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தான்:
இனிமே உனக்கு ஸ்ட்ரைக்கர் நேராப் போகும்க்கா.

நாலு வாரம். மறுபடி படிகள் கூடின.
சொந்த ரத்தம் போனபோது பயம்.
அடுத்தவன் ரத்தம் போனபோது
வெட்கம்.

பிறகு அந்த மாத்திரை. திராட்சை அளவு,
தலையில் ஒரு விளக்கு, ஒரு கண்.
தண்ணீரோடு விழுங்கிவிட்டு
இடுப்பில் பெட்டி கட்டிக்கொண்டு வீடு வந்து
சாயங்காலக் கடைக்கு வெங்காயம் வறுத்தேன்.
நாலு மணி நேரம் ஒன்றும் தின்னக் கூடாது.
வெளியே எண்ணெய்ச் சட்டி,
உள்ளே நொடிக்கு ரெண்டு தரம்
யாரோ என்னைப் படம் பிடித்தபடி
இருட்டில் நடந்து போனார்கள்.

டாக்டர் ஹேமாவதி திரையில் நிறுத்திக் காட்டினார்.
ஈரமான ரோஜா நிறச் சுரங்கம்,
பாசிபோல் அசையும் மயிர்கள்,
அதன் நடுவே
சின்னதாக, வேர் பரப்பி, ஒரு சிவப்பு.
பிறவியில் வந்ததல்ல, வயதில் தளர்ந்து
பின்னிக்கொண்ட நாளம், என்றார்.
இன்னும் ரெண்டு இருந்தன.

கிளப்பில் சொன்னேன். ரெட் விழுந்துடுச்சு,
ஃபாலோ எங்கே, என்றான் ஏசுபாதம்.

ஃபாலோ நெஞ்சில் இருந்தது.
குடலைப் பார்க்க வந்த டாக்டர்
ஸ்டெதாஸ்கோப்பை மேலே வைத்து
வெகுநேரம் எடுக்கவில்லை.
இதய வாசலில் ஒரு கதவு குறுகிவிட்டதாம்.
கொருக்குப்பேட்டை கேட் அரைகுறையாய்த் திறக்கும்போது
முண்டியடிக்கும் வண்டிகளின் கண்ணாடி உடையுமே,
அப்படித்தானாம்:
ரத்தத்தை உறையவைக்கும் நீண்ட சரடுகள்
அந்த இடுக்கில் அறுந்துபோகின்றன.
பிறகு கீழே எங்கே கசிந்தாலும்
கட்டிப்போட ஆளில்லை.

சுட்டு மூடலாம், மறுபடி முளைக்கலாம்.
கதவை மாற்றினால் நிற்கக்கூடும்.
கூடும் என்ற சொல்லை
அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

கேமராவைத் திருப்பித் தர வேண்டாம் என்றார்கள்.
வெள்ளிக்கிழமை அது தானாகப் போனது.
எங்கள் தெரு சாக்கடை கொடுங்கையூர் போய்ச் சேரும்.
பேட்டரி தீர்ந்திருக்கும், தெரியும்.
ஆனாலும் மழை பெய்து மேன்ஹோல் மூடி ஆடினால்
கீழே ஒரு கண்
வடசென்னையின் குடலைப் படம் பிடித்துப் போவதாகத்
தோன்றுகிறது.
அங்கேயும் எங்கோ கசிகிறது, யாரும் பார்ப்பதில்லை.

ஆபரேஷனுக்குத் தேதி வரவில்லை.
இன்றைக்கு எட்டு புள்ளி நாலு.
படிகளை எண்ணிவிட்டேன், பதினெட்டுதான்.
எப்போதும் பதினெட்டுதான் இருந்திருக்கிறது.
ஏழாவதில் நின்றுகொண்டிருக்கிறேன்,
கையில் வறுத்த வெங்காயத் தூக்கு,
யாராவது இறங்கி வந்தால்
வழிவிட ஒதுங்குவதுபோல.